அப்பர்ச்சரை யார் மூடுவது?

போன மாசம் நெய்வேலி டவுன்ஷிப்பில் கல்யாணம் எடுக்கிற ஒரு தம்பி, லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "அண்ணே, எஃப் 4-ல வச்சா எடுக்குது. 8-க்குப் போனா எரர் காட்டி நின்னுடுது." வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். பழக்கதோஷம், விரல் லீவரைத் தேடியது. லீவர் ஏது? வளையத்தின் ஓரத்தில் தங்க முலாம் பூசிய புள்ளிகள்தான் வரிசையாக இருந்தன.

திருவதிகையில் ஸ்டுடியோ வைத்து, கூடவே ரிப்பேரும் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தொழிலின் பழங்கதையை ஃபிலிம் காலம், டிஜிட்டல் காலம் என்று பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் லென்ஸுக்குள் இருக்கும் ஓட்டையை, அதாவது அப்பர்ச்சரை, யார் மூடினார்கள் என்று பார்த்துத்தான் பிரிப்பேன்.

மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப், 1857-58-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில் கோயிலாகப் படம் எடுத்தார். அப்போது ஒரு படத்துக்கே நிமிஷக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். அதே 1858-ல் இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் ஊர்க்காரர் ஜான் வாட்டர்ஹவுஸ் ஒரு வழி சொன்னார்: லென்ஸ் குழாயில் ஒரு பிளவு வெட்டி, வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளை அதில் செருகி எடுப்பது. பெரிய துளை வேண்டுமா, தகட்டை மாற்று. பின்னால் இதழ் இதழாகச் சுருங்கும் ஐரிஸ் பரவியதும் தகடுகள் போயின. என் குருநாதரின் மரப்பெட்டி கேமராவில் அந்த ஐரிஸ் வளையம் உண்டு, ஷட்டர் கிடையாது. வளையத்தைத் திருகி வைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூடுவார். எண்ணும்போது அவர் மூச்சு விடமாட்டார். எதிரே உட்கார்ந்தவர் மட்டும் விடலாமா என்ன!

நான் தொழிலுக்கு வந்தபோது கையில் கிடைத்தது யாஷிகா மேட் 124ஜி. அதற்கு இரண்டு கண். மேல் கண்ணில் பார்க்கிறோம், கீழ்க் கண்ணில் படம் விழுகிறது. கீழே அப்பர்ச்சரை 16-க்குச் சுருக்கினாலும் மேலே பார்வை இருட்டாது. சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் போதும். மூடுவது நான்தான், எவ்வளவு மூடினேன் என்பது விரலுக்கே தெரியும்.

வம்பு ஒற்றைக்கண் கேமராவில் தொடங்கியது. பார்க்கிற லென்ஸும் எடுக்கிற லென்ஸும் அதில் ஒன்றே. ஃபோகஸ் பார்க்க ஓட்டை முழுசாகத் திறந்திருக்க வேண்டும், எடுக்கிற நொடியில் சுருங்க வேண்டும். நெய்வேலி என்.எல்.சி.யில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் ஜெனிட்-ஈ ஒன்று வாங்கினேன். அங்கே முதல் அனல்மின் நிலையமே ரஷ்யாக்காரர்கள் துணையில் எழுந்தது. அதனால் கேமராவும் ரஷ்யா என்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அதன் ஹீலியோஸ் 44-2 லென்ஸில் இரண்டு வளையம். ஒன்றில் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஃபோகஸ் பார்த்தபின் இரண்டாவதைத் திருகி, அந்த எண் வரை மூட வேண்டும். தாலி கட்டும் அவசரத்தில் மூட மறந்து, ஒரு ரோல் முழுக்க வெளுத்துப்போனது. அந்தக் கல்யாணத்துக்குப் பணம் வாங்கவில்லை.

1959-ல் வந்த நிக்கான் எஃப் போன்ற கேமராக்கள் இந்த மறதிக்கு மருந்து வைத்திருந்தன: உடலிலிருந்து ஒரு லீவர், லென்ஸில் ஒரு லீவர். பட்டனை அழுத்தினால் இது அதை விட, ஸ்பிரிங் இதழ்களைச் சுருக்கும், படம் எடுத்ததும் திரும்பத் திறக்கும். எனக்குச் சோறு போட்டது இந்த லீவர்தான். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் லென்ஸை வைப்பார்கள். ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் உருகி இதழ்களில் படியும், இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மறுபடி அடுக்க அரை நாள் ஆகும். ஆறு இதழ் அடுக்குவது வாழையிலை அடுக்குவது போல. கடைசி இதழ் முதல் இதழுக்கு அடியில் போகிற இடத்தில்தான் வித்தை.

ஓட்டையை மோட்டார் மூடுவதை நான் முதலில் பார்த்தது வீடியோவில். தொண்ணூறுகளில் தோளில் வைக்கும் வி.எச்.எஸ். கேமரா வந்தது. ஐரிஸ் தானே திறக்கும், தானே மூடும். கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாடு. தீபாராதனைக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். சுவர் போல நின்ற கூட்டம் கைகூப்பியது. வியூஃபைண்டரில் பார்த்தால் தீ மட்டும் இருக்கிறது, சுவாமியைக் காணோம். வெளிச்சம் அதிகமென்று அது ஐரிஸைச் சுருக்கிவிட்டது. கற்பூரம் அணைந்ததும் மெல்ல மெல்லத் திறந்தது, தூங்கி எழுந்தவன் கண் திறப்பது போல. அதன்பிறகு தீபாராதனை என்றால் ஐரிஸை மேனுவலில் பூட்டிவிடுவேன்.

போட்டோ கேமராவில் துணிந்து லீவரை வெட்டி எறிந்தது கேனன். 1987 மார்ச்சில் இஓஎஸ் 650 வந்தபோது, உடலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அசையும் இணைப்பு எதுவும் இல்லை, மின்தொடர்பு மட்டும். இதழ்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டெப்பிங் மோட்டார். அது ஃபேன் போல ஓடாது. ஒரு துடிப்பு வந்தால் ஒரு படி நகரும். கேமரா இத்தனை துடிப்பு என்று அனுப்பினால், அத்தனை படி இதழ்கள் மூடும். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு ஃபிரேம் கறுத்தும் அடுத்தது வெளுத்தும் போகிற கதை பெரும்பாலும் ஒழிந்தது.

இதன் அருமை எனக்குக் கோபுரம் எடுக்கும்போதுதான் விளங்கியது. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாயும். சாயாமலிருக்க லென்ஸையே மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் வேண்டும். லென்ஸ் நகர்ந்தால் லீவர் எட்டாது. கம்பி மட்டும் வளைந்து கூடவே போகும். 1991-ல் கேனனின் டிஎஸ்-இ லென்ஸ்கள் வந்தது இப்படித்தான். லீவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நிக்கானும் 2008-ல் அப்பர்ச்சரை மின்சாரத்துக்கு விட்டது இதே வகை லென்ஸில்தான். 2018-ல் வந்த அவர்களது இசட் வரிசையில் லீவரே இல்லை.

ஒரே குறை: லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்து எத்தனை திருகினாலும் ஓட்டை மூடாது. கரண்ட் வேண்டும். கேமராவில் மாட்டி, டெப்த் பார்க்கும் பட்டனை அழுத்தியபடியே கழற்றினால் மட்டும் மூடியபடி நிற்கும். இது நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தந்திரம்.

தம்பியின் லென்ஸைப் பிரித்தேன். மோட்டாரில் பழுதில்லை. அதற்குப் போகும் ரிப்பன் வயர், ஜூம் நீட்டி மடக்கும்போதெல்லாம் தானும் மடங்கி மடங்கி, ஓரிடத்தில் விண்டிருந்தது. 4-ல் முழுசாகத் திறந்து எடுத்தால் மோட்டாருக்கு வேலையில்லை, அதனால் எரரும் இல்லை. வயர் வர பத்து நாள் ஆகும் என்றேன். "வர்ற முகூர்த்தத்துக்கு 4-லயே ஓட்டிக்கறேண்ணே" என்று எடுத்துக்கொண்டு போனான்.

ஆல்பத்தோடு திரும்பி வந்தான். பொண்ணு மாப்பிள்ளை பளிச்சென்று இருந்தார்கள். ஓட்டை சுருங்காததால் குரூப் போட்டோவில் பின்வரிசை மட்டும் பனியில் நிற்பதுபோல மங்கல். அந்த வரிசையில்தான் பெண்ணின் பெரியப்பா நின்றிருந்தார், கல்யாணச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டவர்.

"வயர் வந்துடுச்சாண்ணே?" என்றான்.