எட்டரை மணி ஷிப்டுக்கு எந்த வண்டி?

"காலையில் கோவைக்கு நிம்மதியாகப் போகிற மாதிரி வண்டி ஏதாவது இருக்கிறதா?" புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் முதல் மாதமே கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பீளமேட்டில் வேலை பார்ப்பவர்கள், கோவையில் படிக்கும் பிள்ளைகள், ஈரோட்டுக்குப் போய்வரும் அரசு ஊழியர்கள் என்று தினப்பயணிகள் நம்மிடையே நிறையப் பேர். எதிர்ப்பக்கம் விஜயமங்கலம், ஊத்துக்குளி, சோமனூர் பகுதிகளிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வந்து இறங்குபவர்கள். எல்லோருக்கும் வேண்டியது காலையில் ஒரு மணி நேரத்திலும் இரவில் ஒரு மணி நேரத்திலும் வண்டி. மற்ற நேரத்தில் பத்து வண்டி ஓடினாலும் இவர்களுக்குப் பயனில்லை.

இந்தப் பிரச்சினை நம் ஊரில் தொடங்கியதல்ல. உலகத்தில் ரயிலில் வேலைக்குப் போகும் பழக்கம் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், நாம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பேப்பூருக்குப் போட்ட பாதை

நம் ஊர் வழியாகச் செல்லும் பாதை உள்ளூர்க்காரர்களுக்காகப் போடப்பட்டதல்ல. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டியை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைப்பதைக் குறியாக வைத்திருந்தது. 1862இல் அந்தப் பாதை ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கோவை நகரத்தையே அது தொடாமல் போனது. பின்னர் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான், 1873இல், கோவைக்கு ரயில் நிலையம் கிடைத்தது. அந்த வகையில் திருப்பூர் கோவைக்கு மூத்தது!

திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் 1925இல் வந்தது. ஏற்றுமதி சூடுபிடித்தது 1980களில். அதாவது பாதை வந்து அறுபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் பனியன் வந்தது. ஊருக்கு வெளியே முதலிபாளையம் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் வந்தது அதற்கும் பின்னால். பாதையின் வேலை மட்டும் மாறவில்லை. இன்றும் அது சென்னையையும் கேரளத்தையும் இணைக்கும் முக்கியத் தடம். தொலைதூர எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் போக மிச்சமிருக்கும் இடைவெளியில்தான் நம் மெமுவும் பாசஞ்சரும் ஓடுகின்றன.

சட்டம் போட்டு வந்த வண்டி

லண்டனில் 1864இல் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனி, நகரின் நடுவே லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் கட்ட அனுமதி கேட்டது. அதற்காக ஏழைத் தொழிலாளர்களின் வீடுகளை ஏராளமாக இடிக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: எட்மண்டன், வால்தம்ஸ்டோ ஆகிய வெளிப்பகுதிகளிலிருந்து தொழிலாளர்களுக்கென்று தனி வண்டி விட வேண்டும், போய்வரக் கட்டணம் 2 பென்னிதான். 1883இல் வந்த மலிவு ரயில் சட்டம் இதை நாடு முழுவதற்கும் கொண்டு சென்றது. மலிவுக் கட்டணத்துக்கான வரியை நீக்கியதோடு, தொழிலாளர் வண்டிகளைப் போதுமான அளவு விடும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிடும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை. மலிவு டிக்கெட் அதிகாலை வண்டிகளுக்கு மட்டும்தான். காலை 6 மணிக்கு வேலை தொடங்கும் ஆண்களுக்கு அது பொருந்தியது. தையற்கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த இளம்பெண்களுக்கு வேலை தொடங்குவது எட்டரை, ஒன்பது மணிக்கு. விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக அவர்கள் விடிகாலை வண்டியில் வந்து, குளிரில் தெருவில் நின்றார்கள். லண்டன் வால் பகுதியிலுள்ள ஆல் ஹாலோஸ் தேவாலயம், அவர்கள் உட்கார்ந்திருப்பதற்காகவே காலையில் கதவைத் திறந்து வைத்தது.

வண்டி இருந்தது, ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் இல்லை. எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை 'ஒன்றரை ஷிப்ட்' பார்க்கும் நம் ஊருக்கு இது புதிய கதை அல்ல. இரவு ஷிப்ட் முடிந்து ஓட்டமும் நடையுமாக நிலையத்துக்கு வரும்போது வண்டி கிளம்பிப் போயிருந்தால், அந்த வண்டி அவருக்கு இல்லாததற்குச் சமம்.

நான்கு நிமிடத்தில் திரும்பிய வண்டி

அதே லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் 1920இல் நடந்ததுதான் நமக்கு முக்கியமான பாடம். நெரிசல் தாங்க முடியாத நிலை. மின்மயமாக்கக் கம்பெனியிடம் பணமில்லை. புதிய பாதை போட இடமில்லை. அதிகாரிகள் நேரத்தை எங்கே வீணாக்குகிறோம் என்று கணக்குப் பார்த்தார்கள். வந்த வண்டியின் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவதில் நேரம் போகிறது என்று தெரிந்தது. பிளாட்பாரத்தின் முனையிலேயே மாற்று எஞ்சினைத் தயாராக நிறுத்தினார்கள். சிக்னல்களையும் பாதை இணைப்புகளையும் சீரமைத்தார்கள். பயணிகள் தங்கள் வகுப்புப் பெட்டியைத் தேடி அலையாமலிருக்க, கதவுகளுக்கு மேலே முதல் வகுப்புக்கு மஞ்சள், இரண்டாம் வகுப்புக்கு நீலம் என்று பட்டை அடித்தார்கள்.

வண்டி நான்கே நிமிடத்தில் திரும்பியது. ஒரே பாதையில் மணிக்கு 24 வண்டிகள், அதுவும் நிலக்கரி எஞ்சினில்! நெரிசல் நேர வண்டிகள் பாதிக்குப் பாதி கூடின. வண்ணப் பட்டைகளைப் பார்த்து லண்டன்வாசிகள் அதற்கு 'ஜாஸ் சர்வீஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைய மெமு வண்டி இந்த வேலையை இன்னும் எளிதாக்குகிறது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. நின்று கிளம்பும்போது வேகமும் சீக்கிரம் கூடும். நெரிசல் நேரத்துக்கு மெமு கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தாம்பரம் தடம் கற்றுத்தந்தது

தமிழ்நாட்டில் தினப்பயணிக்கென்று திட்டமிட்ட முதல் பெரிய ஏற்பாடு, 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வே தொடங்கிய மின்சார ரயில். அந்த வண்டி வந்த பிறகுதான் தாம்பரம் வரை வீடுகட்டி வாழ்ந்து நகரத்தில் வேலை பார்ப்பது சாதாரணமானது. இன்று அந்தத் தடத்தில் புறநகர் வண்டிக்குத் தனிப்பாதை, எக்ஸ்பிரஸுக்குத் தனிப்பாதை.

அப்படிப்பட்ட தடத்திலும் நெரிசல் உயிரைக் குடித்தது. 24 ஜூலை 2018 அன்று காலை மின்கம்பி பழுதானதால் ஒரு புறநகர் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை நிலையத்தில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய சுவரில் மோதி விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். படியில் நிற்பதை இளைஞர்களின் சாகசம் என்று சொல்லிவிடுவது எளிது. உள்ளே கால்வைக்க இடமில்லாதபோது படிதான் கடைசி இடமாகிறது என்பதை அந்தக் காலை காட்டியது.

மும்பையில் இன்னொரு வழி பிறந்தது. 1992இல் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே, அலுவலக நேரத்தில் முழு வண்டியையும் பெண்களுக்கே ஒதுக்கி 'லேடீஸ் ஸ்பெஷல்' விட்டார்கள். செக்கிங், பேக்கிங், தையல் என்று பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கும் நம் ஊரில், கூடுதல் மகளிர் பெட்டியாவது கேட்கலாம்.

ஏன் 'இல்லை' என்கிறார்கள்?

கூடுதல் வண்டி கேட்டால் "தடத்தில் இடமில்லை" என்று பதில் வரும். இது முழுப் பொய்யும் அல்ல. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். திருப்பூரிலிருந்து கோவை சுமார் 50 கி.மீ. எங்கும் நிற்காத வண்டி இதை 40 நிமிடத்தில் கடக்கிறது, வஞ்சிபாளையம், சோமனூர், சூலூர் ரோடு என்று நின்று போகும் வண்டிக்கு 70 நிமிடம் ஆகிறது என்றால், பின்னால் வரும் வேக வண்டியில் இடிபடாமலிருக்க மெது வண்டி 30 நிமிடத்துக்கு முன்பே கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு நிலையத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் சென்னை–கோவை வந்தே பாரத் வந்தது. திருப்பூரில் நிற்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரே பாதையில் வேக வண்டி கூடக்கூட, ஒதுங்கி நிற்பது நம் பாசஞ்சர்தான்.

இதற்கு மருந்தும் தெரிந்ததே. அடுத்தடுத்துப் பல வண்டிகளை விட உதவும் தானியங்கி சிக்னல், வழிவிட்டு நிற்க நீளமான லூப் பாதைகள், பெட்டிகள் அதிகமுள்ள மெமு, பிறகு மூன்றாவது, நான்காவது பாதை. பாதை வர ஆண்டுகள் ஆகும். பெட்டி சேர்ப்பதற்கும் நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றுவதற்கும் அவ்வளவு காலம் ஆகாது.

கட்டணமும் இதில் சேரும். 2009இல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 100 கி.மீ. வரை மாதம் 25 ரூபாய்க்கு 'இஜ்ஜத்' சீசன் டிக்கெட் அறிவிக்கப்பட்டது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்கள் 'சிறப்பு' வண்டிகளாகத் திரும்பியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. அது மறுபடி 10க்கு இறங்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் போனது, சத்தமில்லாமல் திரும்பி வராது.

நாம் செய்யக்கூடியது

2007இல் சேலம் கோட்டம் உருவானதிலிருந்து நம் நிலையம் அதன் கீழ்தான் இருக்கிறது. பயணிகளின் கருத்தைக் கேட்பதற்கென்றே கோட்ட அளவில் ஆலோசனைக் குழுவும் உண்டு. "கூடுதல் ரயில் வேண்டும்" என்ற மனு அங்கே ஏற்கெனவே குவிந்திருக்கும். லண்டன் கதை சொல்வது வேறு: எந்த நிலையத்திலிருந்து, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள்.

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு தாள் சுற்றட்டும். ஏறும் நிலையம் (திருப்பூரா, பக்கத்திலுள்ள கூலிபாளையமா), இறங்கும் நிலையம், வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், சீசன் டிக்கெட் உண்டா, ரயில் சரிப்படாமல் பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறீர்களா. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வீட்டு வேலைக்கும் காவலுக்கும் நம் வளாகத்துக்கு வருபவர்களின் பயணத்தையும் சேர்த்து எழுதுவோம்; அவர்களில் பலர் இரவு கடைசி வண்டியை நம்பி இருப்பவர்கள். சிட்கோ கம்பெனிகளும் பக்கத்துக் குடியிருப்புகளும் இதே தாளை நிரப்பினால், சேலத்துக்கு நாம் அனுப்புவது மனுவாக இருக்காது, ஒரு கால அட்டவணையாக இருக்கும்.