மணவாழ்வும் மனைவியின் வீடும்

மணவாழ்வின் இசைவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மணமக்களின் குணத்தையே எடைபோடுவர். அமெரிக்க உளவியலறிஞர் லூயிஸ் டேர்மன் கலிபோர்னியாவில் 792 தம்பதியரை ஆராய்ந்து 1938 இல் வெளியிட்ட நூலும், இளமைக்கால மகிழ்ச்சி, பெற்றோருடன் இருந்த உறவு முதலியவற்றையே பெரிதாகக் கண்டது. தம்பதியர் எவர் வீட்டில் குடிபுகுகின்றனர் என்பதும் மனத்தை ஆக்கும் காரணமன்றோ? இதற்குக் கல்முனைக் கரை ஒரு விடை தருகின்றது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், அயலிலுள்ள தமிழரைப் போலவே, தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். மணமானபின் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருவார். சில காலம் கூடி வாழ்ந்தபின், பெற்றோர் அவ்வீட்டை மகளுக்கு விட்டு, ஏனைய பிள்ளைகளுடன் அருகிலே வேறு வீட்டுக்குப் போவர். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகளின் பங்கு மகனின் பங்கிற் பாதியாகும். வீடோ, பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே சீதனமாகக் கைமாறுவதால், அப்பங்கீட்டுக்குள் வருவதில்லை.

இதனால் புதுமணத்தின் அச்சம் இடம் மாறியது எனலாம். பிற இடங்களில் மருமகள் மாமியாரின் முகக்குறிப்பறிந்து நடப்பாள். இங்கே அக்கடமை மருமகனுக்கு. பிணக்கு நேர்ந்தால், மனைவி நிற்கும் மண் அவளுடையது. உம்மாவும் சகோதரிகளும் அடுத்த வளவில் இருப்பர். போக்கிடமின்மையாற் பொறுப்பது வேறு, மனமொத்து வாழ்வது வேறு என்பதை இவ்வேற்பாடு உணர்த்துகின்றது.

ஆயின் இப்பாதுகாப்புக்கு விலையும் உண்டு. வீடின்றேல் மணமில்லை என்ற நிலையில் வாப்பாவும் சகோதரரும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். வீடு கட்டும் பொருட்டுப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றதும் உண்டு. இவ்வாறு தேடிய வீடுகள் பலவற்றை 2004 டிசம்பர் 26 இல் சுனாமி அழித்தது. அதன்பின் வழங்கப்பட்ட வீடுகள் பலவற்றின் உறுதிகள் குடும்பத்தலைவர் என்ற முறையில் கணவரின் பெயரில் எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரு தாளில் திசைமாறியது.

ஆகவே, மணப்பொருத்தம் பார்க்கும் பெரியோர் குணத்தோடு இதனையும் நோக்குதல் நன்று: நாளை ஒரு சொல் தடித்தால், அஞ்சாமல் மறுசொல் கூற இருவருக்கும் காலூன்றும் இடம் உண்டா? சீதனச் சுமை குறைய வேண்டும். அதைக் குறைக்கும்போது பெண்ணின் வீட்டுரிமை குறையாதிருக்க வேண்டும்.