துண்டும் பயணச் சீட்டும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் கூலிகளாய் உழைத்த காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் வழங்கிற்று. தொழிலாளியின் கடன் அதில் குறிக்கப்பட்டிருக்கும். வேறொரு தோட்டம் அக்கடனைச் செலுத்தினாலன்றி அவன் பெயர இயலாது. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அதனைப் பழங்கதையென்றே நாமும் எண்ணியிருந்தோம்.

கொரோனா நோயை முன்னிட்டு 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. பெங்களூரில் மாடி மேல் மாடி எழுப்பிய பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மக்கள் கூலியிழந்து தகரக் கொட்டகைகளில் முடங்கினர். மே மாதத் தொடக்கத்தில் சிக்கபாணாவரத்திலிருந்தும் மாலூரிலிருந்தும் அவர்களுக்கெனத் தனி இரயில்கள் புறப்பட்டன. மே 5-இல் கட்டட முதலாளிகள் முதலமைச்சரைக் கண்டு பேசினர். மறுநாள் முதல் இரயில்கள் வேண்டாவென அன்றே மாநில அரசு தென்மேற்கு இரயில்வேக்கு எழுதிற்று. கட்டட வேலைக்கு ஆள் தேவையாம்!

வண்டி இரத்தாவது இரயில்வே எழுத்தராகிய நமக்குப் புதிதன்று. வெள்ளம், தண்டவாளப் பழுது என்று காரணம் எழுதிப் பழகிய கைதான். ஆள் ஊருக்குப் போய்விடுவான் என்பதற்காக வண்டி நின்றதை நாம் அதுவரை கேட்டதில்லை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்குதலால் குறைந்த அளவுக் கூலிக்கும் கீழாக உழைப்பது அரசியலமைப்பின் 23-ஆம் விதி தடுக்கும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அறிந்தவர்கள் அரசில் இல்லாமலா போயினர்?

நாடெங்கும் கண்டனம் எழவே, மே 7-இல் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்குள் பலர் மூட்டையும் பிள்ளையுமாக நடக்கத் தொடங்கியிருந்தனர்.