ஒரே எழுத்து, இரண்டு தீர்ப்பு

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று இரைந்துகொண்டு இறங்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பொல்லாத பருவம். ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் ஒரே சால்பியூட்டமால் பம்ப் என்று வையுங்கள். ஒருவன் இரண்டு தடவை அடித்ததும் விளையாட ஓடுகிறான். மற்றவனுக்கு விலா இடுக்கில் தோல் உள்வாங்குவது நிற்கவில்லை.

மருந்து மூச்சுக்குழல் தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பியில் ஒட்டினால்தான் குழல் விரியும். அந்த ஏற்பியின் 16-ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு கிளைசின். மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம்.

1997-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 269 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஆர்ஜினின் வந்தவர்களுக்குச் சால்பியூட்டமால் வேலை செய்யும் வாய்ப்பு, இரண்டும் கிளைசினாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்கு. 2013-இல் ஸ்காட்லாந்து ஆய்வு வெளிவந்தபோது கதை திரும்பியது. ஸ்டீராய்டு பம்ப் எடுத்தும் இழுப்பு அடங்காத, அதே இரட்டை ஆர்ஜினின் பிள்ளைகள் 62 பேர். பாதிப் பேருக்குக் கூடுதலாக சால்மெட்ரால், மீதிப் பேருக்கு மாண்டெலுகாஸ்ட் என்ற வேறு வகை மாத்திரை. ஓராண்டில் மாண்டெலுகாஸ்ட் எடுத்தவர்களே பள்ளிக்குக் குறைவாக விடுப்பு எடுத்தார்கள்.

முரண் போலத் தெரியும். முன்னதில் ஒரே ஒரு வேளை கொடுத்த சால்பியூட்டமால்; பின்னதில் சால்மெட்ரால், அதே வகையில் நீண்ட நேரம் நிற்கும் மருந்து, தினமும். ஓயாமல் தட்டினால் ஏற்பி அசந்துபோகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, அது இந்த ஏற்பிக்குத்தான் பொருந்தும். ஸ்டீராய்டு பம்பை நிறுத்த அதைச் சாக்காக்கக் கூடாது.

மரபணு பார்த்து மருந்து தரலாமா? பிரிட்டனில் 241 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். பலன் உண்டு, ஆனால் சின்னது. மாண்டெலுகாஸ்ட்டும் சாதுவல்ல; மனநிலையைக் குலைக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை போட்டது.

என் கணக்கில், அந்த இரண்டாவது பையனுக்கு எழுத்தைவிட முதலில் பார்க்க வேண்டியவை வேறு. வீட்டருகே திராட்சைக்கு மருந்தடிக்கிறார்களா, போடிப் பக்கம்போல் இலவம்பஞ்சுத் தூசி உண்டா, பம்பை ஸ்பேசர் இல்லாமல் தொண்டையிலேயே அடித்துக்கொள்கிறானா? க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது பம்பையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் எதிரிலேயே பிள்ளையிடம் பம்பை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.