கணக்கில் ஏறாத கோல்கள்

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இருவகைச் சான்றுகள் கிட்டுகின்றன. ஒன்று ஏட்டுக் கணக்கு. மற்றொன்று மக்கள் நினைவு. இவ்விரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று ஆராய்வதற்குச் சிலாங்கூரின் முன்னணி ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1953 நவம்பர் 13ஆம் நாள் செத்தாப்பாக்கில் பிறந்த மொக்தார், 1970களின் தொடக்கத்திலேயே சிலாங்கூர்க் குழுவிலும் தேசியக் குழுவிலும் இடம் பெற்றார். அந்நாளில் காற்பந்து இந்நாட்டில் முழுநேரத் தொழிலாக அமையவில்லை. அரைத் தொழில்முறை லீக் ஆட்டங்கள் 1989இலும், முழுத் தொழில்முறை ஆட்டங்கள் 1994இலுமே தோன்றின. அதற்கு முற்பட்டோர் பிழைப்புக்கு ஓர் அலுவலும் பெருமைக்குப் பந்தும் கொண்டிருந்தனர். அத்தகைய சூழலில்தான் 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 1977, 1979 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கமும் மலேசியாவுக்குக் கிடைத்தன. நம்மவரான கோல் காவலர் ஆர். ஆறுமுகமும், சந்தோக் சிங், சோ சின் ஆன் ஆகியோரும் மொக்தாருடன் ஆடிப் புகழ் பெற்றவர்கள்.

அவர் தேசிய அணிக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தார் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கணக்கு. எட்டு ஆட்டங்களுக்கு ஏறத்தாழ ஐந்து கோல்கள்! ஆயினும், நாட்டின் முதல்நிலை அணியும் மற்றொரு நாட்டின் முதல்நிலை அணியும் மோதும் ஆட்டங்களே இத்தகைய கணக்கில் சேரும் என்பதை நாம் மறத்தலாகாது.

அசாம் ஜாவா வட்டாரத் தோட்டத்து முதியோரைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வன எவை? 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவைச் சிலாங்கூர் 2-0 என வென்றபோது அவர் அடித்த இரு கோல்கள். 1978இல் இங்கிலாந்தின் ‘பி’ அணியோடு 1-1 எனச் சமநிலை கண்டபோது அடித்த கோல். முன்னது மாநிலக் குழுவின் ஆட்டம். பின்னதில் எதிரணி இரண்டாம் நிலையது. ஆதலின், நினைவில் தலைமையான மூன்றும் அவ்விதிப்படி கணக்கில் இடம் பெறா.

இதனால் கணக்குப் பொய்யென்றோ நினைவு பொய்யென்றோ கொள்ளுதல் தவறு. திறமையின் அளவை முன்னது காட்டுகிறது. விடுதலை பெற்று இருபது ஆண்டுகளே கழிந்த மக்களுக்கு அக்கோல்கள் தந்த நிமிர்வைப் பின்னது காட்டுகிறது.

ஆனால், நினைவு திருத்தம் பெறவேண்டிய இடமும் உண்டு. 1991 சூலை 11ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் மொக்தார் மறைந்தார். தசைச் சிதைவு நோயே காரணமென மக்கள் நெடுநாள் நம்பினர். அது தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் வேறொரு நோய் என்பது 2010இல் வெளிவந்த ஆவணப்படத்தால்தான் பலர்க்கும் தெரியவந்தது.

ஆசிரியப் பெருமக்கள், மாணவர் வீட்டில் கேட்டுவரும் இத்தகைய கதைகளைத் தள்ளிவிடாது, எந்த ஆண்டு, எந்த அணி, எந்தத் திடல் என்று வினவப் பழக்குதல் வேண்டும். வரலாற்றுப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.