கரையான்

மரம், கீற்று, தாள், பருத்தித் துணி ஆகியவற்றிலுள்ள செல்லுலோசைத் தின்று கூட்டமாக வாழும் பூச்சி, பேச்சுவழக்கில் செல். வெள்ளெறும்பு என்றும் சொல்வதுண்டு, ஆனால் கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய உறவு.

மரக்காணம் உப்பள வட்டாரத்தின் கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களில் கீற்றுக் கொட்டகையும் மரநிலையும் இதற்கு எளிய இரை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினாலோ, சன்னலடியில் உதிர்ந்த இறகுகள் குவிந்தாலோ உள்ளே புற்றுத் தொடர்பு இருக்கக்கூடும். சுவரடியில் பென்சில் பருமனில் ஏறும் மண்கோட்டை ஓரிடத்தில் உடைத்துப் பார்க்கலாம். ஓரிரு நாளில் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் கூட்டம் உயிரோடிருக்கிறது. அரிக்கப்பட்ட நிலையைத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும்.

கொட்டகைக் காலை மண்ணில் புதைக்காமல் கல்மேல் நிறுத்துவதும், வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் போடுவதும் நல்ல தடுப்பு. உப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று சுவரோரம் கொட்டுவது வீண்வேலை: மழையில் கரைந்துவிடும், பூச்சையும் கம்பியையும் அரிக்கும். மண்ணெண்ணெய் கண்ணில் பட்டவற்றை மட்டுமே கொல்லும். ராணி புற்றுக்குள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

கட்டிய வீட்டுக்கான சிகிச்சையை இந்தியத் தரநிலை 6313-இன் 3ஆம் பகுதி வகுக்கிறது: தரையும் சுவரும் கூடுமிடத்தில் 30 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு மருந்து செலுத்தி அடைப்பது. முன்பு பயன்பட்ட ஆல்ட்ரின் 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. மணற்பாங்கான நிலத்தில் மருந்து விரைவாக இறங்கும் என்பதால் கிணற்றருகே இந்தத் துளைச் சிகிச்சையைச் செய்யக்கூடாது.