பாங்லிமா சந்தும் லாஹாட் சாலையும்

ஈப்போவுக்கு வருகிறவர்கள் முதலில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். அடுத்து, எந்தக் கடைக்குப் போகலாம் என்பார்கள். வசதியானவர்கள் புழங்கும் பகுதி என்றால் கிரீன்டவுன், டைகர் லேன், ஈப்போ கார்டன் என்று கைகாட்டிவிடலாம். பெரிய கடைவளாகங்களும் உண்டு. ஆனால் கோலாலம்பூரில் தொங்கும் அதே சட்டைதான் இங்கேயும் தொங்கும், விலையும் அதேதான். அதற்காக யாரும் இரண்டரை மணி நேரம் ரயிலேறி வர வேண்டியதில்லை. பார்க்கத் தகுந்த கடைகள் கிந்தா ஆற்றுக்கு மேற்கே, பழைய பட்டணத்தில் இருக்கின்றன. அங்கே பாங்லிமா சந்தும் அதையடுத்த கோங் ஹெங் வளாகமும் ஒரு பக்கம். லாஹாட் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா இன்னொரு பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் ஒரு பக்கம் வருகிறவர்கள் மறுபக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு.

இரண்டுமே வெளியூர்க்காரர்களை நம்பிப் பிழைக்கும் தெருக்கள். எந்த ஊர்க்காரர்கள், எதற்காக வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பாங்லிமா சந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1892இல் பெருந்தீ பழைய பட்டணத்தின் பெரும்பகுதியை அழித்த பிறகு, ஈயக் காசில் நேர்நேரான தெருக்களாக ஊர் மறுபடி எழும்பியது. ஈயச் சுரங்கத் தவுக்கேக்கள் தங்கள் சின்னவீடுகளை இந்தச் சந்தில் குடிவைத்தார்கள் என்பார்கள். ஆங்கிலத்திலும் சீனத்திலும் சந்துக்குச் சின்னவீட்டுச் சந்து என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1985இல் ஈய விலை சரிந்ததும் ஊர் ஓய்ந்தது. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடும் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிந்துபோனது. பழைய குடித்தனக்காரர்கள் பலருக்குப் புது வாடகை கட்டுப்படியாகவில்லை. 2010இல் கோலாலம்பூருக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2014இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் பழைய பட்டணத்துச் சுவர்களில் காப்பிக் கோப்பை ஏந்திய கிழவரையும் மற்றவற்றையும் வரைந்தார். 2016இல் லோன்லி பிளானெட் ஆசியாவில் போகத் தகுந்த இடங்களின் பட்டியலில் ஈப்போவை ஆறாவதாக வைத்தது. சந்து நிரம்பிவிட்டது.

இன்று அங்கே விற்பவை பனிக்கட்டி உருண்டை, காந்தப் பொம்மை, ஓவியம் அச்சடித்த பனியன். என் கணக்கில் பாதிக் கடைகளைப் பெயர்ப்பலகையோடு பெயர்த்துப் பினாங்கிலோ மலாக்காவிலோ வைத்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பலகைகளும் அடிக்கடி மாறுகின்றன. கோங் ஹெங் வளாகம் வேறு ரகம். நாடக நடிகர்கள் தங்கிய பழைய கட்டிடத்தை நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இங் செக் சான் இடித்துப் புதுப்பிக்காமல், உதிர்ந்த காரையும் செங்கல்லும் தெரிய அப்படியே விட்டு, தங்கும் விடுதியாக்கினார். சுற்றிலும் கைவினைக் கடைகள், காப்பிக் கடைகள். விலை அதிகம்தான். அந்தக் காசு ஓரளவு பொருளுக்கு, மீதி நிழலுக்கு.

சந்தை விட்டு வெளியே வந்தால்தான் ஈப்போவின் சொந்தச் சரக்கு. பண்டார் தீமா சாலையில் 1937இலிருந்து இருக்கும் சின் யூன் லோங்கும் அதற்கெதிரே நாம் ஹியோங்கும் வெள்ளைக் காப்பி போடுகின்றன. கறுப்புக் காப்பிக்கென்று கொட்டையைச் சர்க்கரை சேர்த்துக் கருக வறுப்பார்கள். வெள்ளைக் காப்பிக்கு மார்ஜரின் மட்டும். அதனால் நிறம் வெளிறும், கசப்பு தணியும். கெட்டிப்பால் ஊற்றி, மேலே நுரை நிற்க, தடித்த பீங்கான் கோப்பையில் வரும். பக்கத்தில் தியென் சுன் கடையில் முட்டையும் எரித்த சர்க்கரையும் சேர்ந்த கஸ்டர்ட் கிடைக்கும். கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கோழிச் சதை பிய்த்துப் போட்ட ஹோர் பன் என்ற அரிசி நூடுல்ஸ் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

லாஹாட் சாலைப் பக்கம் வந்தால் அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதையில் சேலை மூட்டை, வெளியே தொங்கும் மாலை, குத்துவிளக்கு, உரத்த பாட்டு. இந்தத் தெருவை வளர்த்தது ஈயமல்ல, கித்தா. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதன் பிறகு சுங்கை சிப்புட்டிலிருந்து பீடோர் வரை காடு அழிந்து தோட்டமாயிற்று. தோட்டத்துக் கடையில் அரிசி பருப்பு கடனுக்குக் கிடைக்கும். வாங்கியதெல்லாம் 555 என்ற சின்னக் கடன் நோட்டில் ஏறும். சம்பள நாளில் கடைக்காரர் வந்து நிற்பார். பட்டணத்துக்கு வருவதென்றால் நகைக்கு, கல்யாணச் சேலைக்கு, தீபாவளித் துணிக்கு. ஆண்டு முழுக்க மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் கொட்டுகிற வரவு அது. தெரு அந்த வரவுக்கேற்ப அமைந்தது.

பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அதற்குப் பிறகும் கித்தா போய் எண்ணெய்ப்பனை வந்தது, லயங்கள் காலியாயின. ஆட்கள் தாமான்களுக்கும் மாடிவீடுகளுக்கும் குடிபோனார்கள். ஆனால் கடைக்கு வரும் சீட்டு மாறவில்லை: தட்டு வரிசைக்கு இத்தனை, சம்பந்திக்கு ஒன்று, மாமன் சீர் தனியாக.

சேலைக் கடைக்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் வியாபாரம் மெல்ல நடக்கும். “உக்காருங்கக்கா, என்ன விசேஷம்?” என்பார் கடைப்பையன். விசேஷம் தெரியாமல் சேலை விரிக்க மாட்டார். கல்யாணமா, வளைகாப்பா, கோயில் திருவிழாவா என்று தெரிந்தபிறகுதான் எந்த அடுக்கிலிருந்து எடுப்பது என்று முடிவாகும். பத்துச் சேலை விரித்து ஒன்றும் பிடிக்காவிட்டால் முகம் சுளிக்காமல் பதினொன்றாவதை இழுப்பார். கடைசி விலை என்று ஒன்று சொல்வார். அதற்குப் பிறகும் ஒரு கடைசி விலை இருக்கும். மீதிப் பணத்தை ரவிக்கை வாங்க வரும்போது கொடுத்தால் போதும் என்று, தெரிந்த முகத்துக்குச் சொல்வதும் உண்டு. சந்தில் இதற்கு வழியில்லை. அங்கே விலை அட்டையில் இருக்கிறது, வாங்குகிறவர் மறுபடி வரப்போவதுமில்லை.

சந்துக் கடையில் ஈப்போப் பொருள் இல்லை என்று குறை சொல்கிறோம், லாஹாட் சாலைச் சேலை மட்டும் எங்கே நெய்தது? காஞ்சிபுரத்திலும் சூரத்திலும்தான். ஆனாலும் கண்ணெதிரே செய்கிற வேலை இங்கே கூடுதல். ரவிக்கை தைக்கிறார்கள், மசாலா அரைக்கிறார்கள். கேமரன் மலைச் செவ்வந்தியைக் கூடையிலிருந்து அள்ளி, நாரில் இரண்டிரண்டாய் முடிந்து, பேச்சு முடிவதற்குள் மாலையாக்கிவிடுகிறார்கள். அந்த வகையில் மாலைக்கடைக்காரரும் பண்டார் தீமா சாலையில் காப்பி கலக்குகிறவரும் ஒரே கட்சி.

லிட்டில் இந்தியாவின் குறைகளை மூடி மறைக்கவும் வேண்டாம். விலை அட்டை கிடையாது. அஞ்சடியில் சரக்கு அடைத்திருப்பதால் நடப்பவர் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. தீபாவளியை விட்டால் சில கடைகளில் ஈ ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் நேரலை பார்த்துத் தமிழ்நாட்டிலிருந்தே சேலை தருவித்துவிடுகிறார்கள். சந்தில் கூட்டம் அலைமோதுகிறது, வாங்குவது சில்லறை. இங்கே கூட்டம் குறைவு, ஆனால் ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தால் அரைநாள் வியாபாரம்.

இரண்டு தெருவையும் பார்த்து முடித்தவருக்குப் புந்தோங்கை நான் சொல்வதுண்டு. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் குனோங் செரோ அடிவாரத்தில் இருந்துகொண்டு கச்சாங் பூத்தே செய்து விற்றார்கள். 1973இல் சுண்ணாம்புப் பாறை சரிந்து விழுந்து அங்கே பலர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தத் தொழில் புந்தோங்கில் ஊன்றிக்கொண்டது. முறுக்கு, காரக் கடலை, பட்டாணி, சீனிக் கடலை எல்லாம் வீட்டுப் பின்கட்டில் வறுபட்டு, முன்பக்கத்தில் எடை போட்டு விற்கிறது. கேட்டால் ஒரு கை அள்ளித் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார்கள். ஈப்போவின் பெயரைச் சொல்லி வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. படம் போட்ட டப்பாவில் வேண்டுமென்றால் பட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம், விலை கூடும். தைப்பூச நாளில் மட்டும் போகாதீர்கள். காவடி ஊர்வலம் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்துதான் கல்லுமலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும், காரை ஒரு சந்துக்குள்ளும் நுழைக்க முடியாது.